‘உள்ளே எதிரிகள் இருந்தார்கள்’ என்ற செய்தியைப் படிப்பது எப்படி?

பல வருடங்களாகப் பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். மருத்துவமனை மீது குண்டு விழுந்ததாகச் செய்தி வந்தால், புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் கேட்பது, “அண்ணா, இது போர்க்குற்றமா?” என்றுதான். அதைக் கடைசியாகக் கேளுங்கள் என்பேன்.

சண்டையை யார் தொடங்கினார்கள் என்பதை முதலில் ஓரமாக வையுங்கள். அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. போரை எப்படி நடத்தலாம், யாரைக் காக்க வேண்டும் என்று சொல்லும் மனிதாபிமானச் சட்டம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். அப்புறம், மோதுவது இரண்டு நாடுகளா, அரசும் ஆயுதக் குழுவுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளில் பெரும்பகுதி முதல் வகைக்கு. இரண்டாம் வகைக்கு, நான்கிலும் பொதுவாக உள்ள 3ஆம் பிரிவு. தாக்குதல் பற்றிய அடிப்படை விதிகள் வழக்காற்றுச் சட்டமாகவே, அதாவது நாடுகள் நெடுநாளாகக் கடமையென ஏற்று நடந்துவரும் விதிகளாகவே, இரண்டுக்கும் பொருந்தும். அதனால் இங்கே ரொம்ப நேரம் நிற்க வேண்டாம்.

நிற்க வேண்டிய இடம் இலக்கு. ‘உள்ளே எதிரிகள் இருந்தார்கள்’ என்று ராணுவம் சொன்னதும் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். பொதுமக்களைக் காக்கும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 19ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். எதிரிக்குத் தீங்கு செய்யும் வேலைக்குப் பயன்பட்டால்தான் மருத்துவமனை பாதுகாப்பை இழக்கும். அப்போதும், முடிந்த இடங்களிலெல்லாம் நியாயமான கெடு வைத்து எச்சரித்து, அது கேட்கப்படாமல் போயிருக்க வேண்டும். காயம்பட்ட வீரர்கள் அங்கே சிகிச்சை பெறுவது தீங்கான செயல் ஆகாது. அவர்களிடம் வாங்கி வைத்து, இன்னும் ஒப்படைக்காத துப்பாக்கிகள் மூலையில் கிடப்பதும் அப்படியே. ஆகவே கேளுங்கள்: அந்த எதிரி கட்டிலில் படுத்திருந்தானா, ஜன்னலிலிருந்து சுட்டானா? எச்சரிக்கை போனதா? எப்போது?

இலக்கு சரி என்றே வைத்துக்கொள்வோம். பொதுமக்களுக்கு எவ்வளவு சேதம் வரும் என்று எதிர்பார்த்தார்கள்? கிடைக்கும் என்று நினைத்த நேரடியான ராணுவப் பலனோடு ஒப்பிட்டால் அது அளவு மீறியதா? சட்டத்தின் தராசில் ஏறுவது சுடும் முன் தெரிந்ததும் தெரிந்திருக்க வேண்டியதும். சாவு எண்ணிக்கை மட்டும் தீர்ப்பாகிவிடாது. இதை ஏற்க எனக்கே மனசு வராத நாட்கள் உண்டு.

‘தெரியாமல் நடந்தது’ என்றால்? 2015 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியது. 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை இருக்கும் இடத்தின் துல்லியமான ஜிபிஎஸ் ஆயங்களை (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்களை) அமைப்பு முன்பே கொடுத்திருந்தது. வேறு கட்டடம் என்று நினைத்துத் தாக்கியதாக ராணுவ விசாரணை சொன்னது. இங்கே கேட்க வேண்டியது, சுடும் முன் சரிபார்க்க என்னென்ன செய்தார்கள் என்பது. தாக்கும் முன் இப்படி முன்ஜாக்கிரதையாக இருப்பது தனிக் கடமை.

‘மக்களைக் கேடயமாக வைத்தார்கள்’ என்பதும் அடிக்கடி வரும். அது உண்மையானால் குற்றம்தான். ஆனாலும் எதிர்த்தரப்பின் கடமை எதுவும் அதனால் ரத்தாகாது.

இவ்வளவும் கேட்ட பிறகும் ‘போர்க்குற்றம்’ என்று நானாக எழுதுவதில்லை. யார் அப்படிச் சொல்கிறார், எதை வைத்து என்று எழுதுவேன்.

படத்திலும் கவனம் வேண்டும். ஒருமுறை பிடிபட்ட வீரர்களின் முகங்களைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். போர்க் கைதியை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்று மூன்றாம் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, பிடித்து வைத்திருக்கும் நாட்டுக்குச் சொல்கிறது. பத்திரிகையை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று வாதாடிப் பார்த்தேன். “அந்த நாடு காட்ட நினைத்ததைத்தானே நீ காட்டியிருக்கிறாய்?” என்றார் மூத்தவர். அன்றிலிருந்து கைதிகளின் முகத்தை மங்கலாக்கித்தான் போடுகிறேன்.