ஹெர்னியா கோடிங்: குறிப்பில் காணாமல் போகும் சென்டிமீட்டர்கள்

‘ஹெர்னியா கண்டறியப்பட்டது, வலை வைத்துச் சரிசெய்யப்பட்டது.’ வயிற்றுச்சுவரில் உள்ள துளை வழியாகக் குடலோ கொழுப்போ பிதுங்குவதுதான் ஹெர்னியா. அறுவைசிகிச்சைக் குறிப்பு இவ்வளவுதான் சொல்கிறது என்றால், அதைக் கட்டணக் குறியீடாக மாற்றும் கோடர் எவ்வளவு அனுபவமுள்ளவராக இருந்தாலும் சரியான குறியீட்டைக் கொடுக்க முடியாது. சிகிச்சைகளுக்கு எண் கொடுக்கும் அமெரிக்காவின் சிபிடி முறையில் 2023 ஜனவரிக்குப் பிறகு இந்தச் சிக்கல் கூடியிருக்கிறது. வயிற்றின் முன்சுவர் ஹெர்னியாக்களுக்கான பழைய குறியீடுகள் நீக்கப்பட்டு, முதல்முறைக்கு 49591 முதல் 49596 வரையும், மீண்டும் வந்தவற்றுக்கு 49613 முதல் 49618 வரையும் புதியவை வந்தன. தொப்புள் ஹெர்னியாவா, தழும்பில் வந்ததா என்பது இங்கே குறியீட்டை மாற்றாது. திறந்து செய்தாலும், லேப்ராஸ்கோப்பி, ரோபோ வழியாகச் செய்தாலும் ஒன்றுதான். கேள்விகள் மூன்று: முதல்முறையா மீண்டும் வந்ததா, உள்ளே தள்ளினால் போகிறதா சிக்கிக்கொண்டதா, துளையின் மொத்த அளவு என்ன?

அதிகம் சறுக்குவது அளவில்தான். 3 செ.மீ.க்குக் குறைவு, 3 முதல் 10 வரை, 10க்கு மேல் என்று மூன்று பிரிவுகள். குறிப்பில் ஓர் எண் கண்ணில் பட்டவுடன் அதை எடுத்துக்கொள்கிற அவசரம் பலருக்கும் உண்டு. அந்த எண் பெரும்பாலும் வலையின் அளவாக இருக்கும். 15 செ.மீ. வலை வைத்தார்கள் என்பதால் துளை 15 செ.மீ. ஆகிவிடாது, விளிம்புகளைத் தாண்டி நன்றாக மூடுவதற்காகத்தானே வலையைப் பெரிதாக வெட்டுகிறார்கள்! துளையைத் திறப்பதற்கு முன் எடுத்த அளவே கணக்கில் வரும். திறந்த பிறகு தசையுறை இருபுறமும் விலகுவதால் எண் பொய்யாகப் பெருகிவிடும்.

துளைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் கணக்கு மாறும். நடுவயிற்றுத் தழும்பில் 1, 0.5, 1 செ.மீ. என மூன்று துளைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 செ.மீ. நல்ல தசையுறை என்று வைத்துக்கொள்வோம். துளைகளை மட்டும் கூட்டினால் 2.5, முதல் பிரிவு. ஆனால் விதி அப்படியில்லை. மேல் துளையின் வெளி விளிம்பிலிருந்து கீழ்த் துளையின் வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும்: 6.5 செ.மீ., இரண்டாம் பிரிவு. தள்ளினால் உள்ளே போகும் முதல்முறை ஹெர்னியா என்றால் 49591 அல்ல, 49593. இதற்கு நேர்மாறான சூழலும் உண்டு. இரண்டு துளைகளுக்கு நடுவே 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் பழுதில்லாத தசையுறை இருந்தால், இடைவெளியை விட்டுவிட்டுத் துளைகளின் அளவை மட்டும் கூட்ட வேண்டும். ஆக, அறுவைசிகிச்சை நிபுணர் இடைவெளியையும் எழுதினால்தான் வேலை நடக்கும். எத்தனை துளைகள் இருந்தாலும் குறியீடு ஒன்றே. அவற்றில் ஒன்று சிக்கியிருந்தால் மொத்தமும் சிக்கியதாகவே கொள்ளப்படும்.

வயிற்றுத் தசைகள் நடுவில் விலகி நிற்கும் டயாஸ்டாசிஸ் ஹெர்னியா அல்ல. அதன் நீளத்தைத் துளை அளவோடு சேர்க்கக் கூடாது.

நோயறிதல் குறியீட்டில் வேறு பொறி. ஐசிடி-10-சிஎம் வகைப்பாட்டில் கே40 தொடையிடுக்கு, கே42 தொப்புள், கே43 மற்ற முன்சுவர் ஹெர்னியாக்கள். ‘கொழுப்பு மடிப்புதான் சிக்கியிருந்தது, குடல் அடைபடவில்லை’ என்று படித்துவிட்டு, அடைப்பு இல்லாத வகையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். படிப்பவருக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த வகைப்பாடு இன்கார்சரேட்டட் (சிக்கிக்கொண்டது), தள்ளினாலும் போகாதது, அழுகலில்லாமல் நெரிபட்டது எல்லாவற்றையும் ‘அடைப்புடன்’ என்ற தலைப்புக்குக் கீழேதான் வைத்திருக்கிறது. அடைப்பும் அழுகலும் சேர்ந்திருந்தால் அழுகலுக்கான குறியீடே போகும்.

‘தழும்பில் வந்தது’ என்பதை ‘மீண்டும் வந்தது’ என்று படிப்பது இன்னொரு வழக்கமான பிழை. பித்தப்பை எடுத்த தழும்பில் முதன்முதலாக ஹெர்னியா வந்தால் அது முதல்முறைதான். அதே இடத்தில் ஹெர்னியாவை முன்பே சரிசெய்திருந்தால்தான் மீண்டும் வந்தது ஆகும்.

தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கு 2023 மாற்றம் பொருந்தாது என்பது அடிக்கடி மறந்துபோகிறது. அங்கே லேப்ராஸ்கோப்பிக்கு 49650, மீண்டும் வந்ததற்கு 49651 எனத் தனிக் குறியீடுகள் இன்றும் இருக்கின்றன. திறந்து செய்தால் வயதும் பார்க்கப்படும். பக்கத்தைப் பொறுத்தவரை கே40 ஒருபக்கமா இருபக்கமா என்று மட்டுமே கேட்கும். இடமா வலமா என்பதை, சிபிடி குறியீட்டோடு சேர்க்கும் துணைக்குறியான மாடிஃபையர்தான் சொல்ல வேண்டும். பின்தொடர் வருகைகளும் இரண்டுக்கும் வேறு: தொடையிடுக்குக்கு 90 நாள் வரையிலான வருகைகள் அறுவைசிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும், முன்சுவர்க் குறியீடுகளுக்கு அந்தக் காலம் பூஜ்யம். இது தெரியாமல், தனியாகக் கட்டணம் கேட்க வேண்டிய வருகைக்குக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வலை பொருத்தியதற்கோ முன்சுவரில் தனிக் கட்டணம் கிடையாது. பழைய வலையை முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ அகற்றியிருந்தால், அது கிருமித்தொற்று இல்லாததாக இருக்கும்போது, 49623ஐச் சேர்க்கலாம்.

விவரம் இல்லாதபோது ஊகிக்காமல் கேட்பதே கோடரின் வேலை. ஆனால் ‘ஹெர்னியா சிக்கியிருந்தது என்று எழுதித் தர முடியுமா?’ என்று கேட்பது பதிலை வாயில் ஊட்டுவது. மருத்துவப் பதிவுத் துறையினருக்கான அமெரிக்க அமைப்பான அஹிமாவின் வழிகாட்டுதல்கள் தவிர்க்கச் சொல்வதும் இதைத்தான். ‘துளையைத் திறக்குமுன் இருந்த நிலையையும் அளவையும் குறிப்பிடவும்: தள்ளினால் போனது, சிக்கியிருந்தது, நெரிபட்டிருந்தது, வேறு, சொல்ல இயலவில்லை’ என்று வாய்ப்புகளைத் திறந்துவைத்துக் கேட்கலாம். வரும் பதிலைப் பழைய குறிப்பின் மேலேயே திருத்தாமல், தேதியும் கையொப்பமும் உள்ள இணைப்புக் குறிப்பாகக் கோப்பில் சேர்க்க வேண்டும்.