கடுங்குளிரில் மின்சாரம் போனால் வாடகை வீட்டுக் குழாயைக் காப்பது எப்படி?

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நாள்கணக்கில் மின்சாரம் போனபோது ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஆனால் குழாயைப் பிளப்பது பெரும்பாலும் பனிக்கட்டி அல்ல. பனிக்கட்டிக்கும் மூடிய டாப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம். டாப்பைச் சொட்டவிடச் சொல்வது அதற்காகத்தான்.

வெளியே மைனஸ் 6 டிகிரியை நெருங்கினாலே, வெளிச்சுவரை ஒட்டிய டாப்புகளில் வெந்நீர், பச்சைத்தண்ணீர் இரண்டையும் மெல்லியதாக ஒழுகவிடுங்கள். சிங்க் அடியிலுள்ள கதவுகளையும் திறந்துவையுங்கள்.

வீடு முழுக்கக் குளிர்ந்துவிட்டதா? முதலில் வாட்டர் ஹீட்டருக்கு மின்சாரம் தரும் பிரேக்கரை (மின் ஸ்விட்சை) அணையுங்கள். மறந்தால், மின்சாரம் திரும்பும்போது ஹீட்டர் தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தால் ஹீட்டர் காயில் கருகிவிடும். பிறகு வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வை வலப்பக்கம் திருகி மூடி, எல்லா டாப்பையும் திறந்து, டாய்லெட்டை ஃபிளஷ் செய்து குழாயைக் காலியாக்குங்கள். அடுக்குமாடியில் அந்த வால்வு பூட்டிய அறைக்குள் இருக்கலாம். எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று குளிர் தொடங்குமுன்பே கேட்டு வையுங்கள்.

ஏற்கெனவே உறைந்துவிட்டால் தீ வேண்டவே வேண்டாம். டாப்பைத் திறந்துவைத்து, மின்சாரம் வந்தபின் ஹேர் டிரையரால் டாப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் சூடாக்குங்கள்.