கொட்ஸில்லா டிஸ்க் வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

பழைய ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் விலையைக் கடைசியில் பாருங்கள். பெட்டிக்குள் இருப்பது ஜப்பானில் ஓடிய படமா, அமெரிக்காவில் வெட்டி ஒட்டிய படமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அட்டையில் அதே மிருகம், அதே தீ. உள்ளே இருப்பது வேறு வேறு படம்.

களுவாஞ்சிகுடியில் ரீவி, டெக், பிளேயர் திருத்துவது என் தொழில். "அண்ணன், கொட்ஸில்லா பார்த்தேன், சும்மா பொம்மைப் படம்" என்று யாராவது சொன்னால், எந்த கொப்பி பார்த்தாய் என்றுதான் முதலில் கேட்பேன். அநேகமாக வெட்டின படமாக இருக்கும், இல்லாவிட்டால் நீட்டி இழுத்த படமாக இருக்கும்.

1954 நவம்பர் 3ஆம் திகதி ஜப்பானின் டோஹோ கம்பனி வெளியிட்ட முதல் கொட்ஸில்லா படம் 96 நிமிடம். இஷிரோ ஹொண்டா இயக்கம், எய்ஜி சுபுராயாவின் தந்திரக் காட்சிகள், அகிரா இஃபுகுபேயின் இசை. அந்த வருடம் மார்ச் 1ஆம் திகதி அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், சூரை பிடிக்கப் போன ஜப்பானிய வள்ளமொன்றில் இருந்த 23 பேர் மேலும் விழுந்தது. அவர்களில் வள்ளத்தின் வானொலிக்காரர் செப்டெம்பரில் செத்துப்போனார். படம் வந்தபோது அந்தச் சாவுக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஹொண்டாவும் போர் முடிந்து ஊர் திரும்பும்போது அழிந்த ஹிரோஷிமாவைக் கண்ணால் கண்டவர்.

இதே படத்தை 1956இல் அமெரிக்காவில் வெட்டிச் சுருக்கி, ரேமண்ட் பேர் என்ற நடிகரை நிருபராக நுழைத்து, 80 நிமிடப் படமாக விட்டார்கள். ரயிலில் போகிற பெண்ணொருத்தி, நாகசாகியில் தப்பி வந்த உயிரை இப்படியா இழப்பது என்று சலித்துக்கொள்ளும் பேச்சு அதில் போய்விட்டது. தீ சூழ்ந்த கட்டடத்தடியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்லும் தாய் திரையில் இருக்கிறாள். அவள் சொல்வது பார்ப்பவருக்கு விளங்காது. அமெரிக்கப் படத்தையும் ஒருநாள் பாருங்கள், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனால் இரண்டாவதாகப் பாருங்கள்.

1962இல் வந்த, கொட்ஸில்லாவோடு கிங் கொங் மோதும் படத்துக்கும் இதே கதைதான். ஜப்பானியப் படம் விளம்பரக் கம்பனிகளையும் ரீவி நிகழ்ச்சிகளையும் கிண்டலடிக்கிற நல்ல நகைச்சுவை. அடுத்த வருடம் வந்த அமெரிக்கப் படத்தில் இஃபுகுபேயின் இசையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, வேறு படங்களின் இசையைப் போட்டார்கள். ஜப்பானில் கொட்ஸில்லா வெல்லும், அமெரிக்காவில் கொங் வெல்லும் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். இரண்டு முடிவிலும் கடலுக்கு மேலே வந்து நீந்திப் போவது கொங்தான்.

சரி, எந்தப் பெட்டியை வாங்குவது? முதல் படம் மட்டும் போதுமென்றால், 2006இல் கிளாசிக் மீடியா விட்ட இரண்டு டிஸ்க் டிவிடியில் ஜப்பானியப் படமும் அமெரிக்கப் படமும் சேர்ந்தே இருக்கின்றன. பழைய சரக்காகக் கிடைத்தால் விடாதீர்கள். படத்தின் தெளிவு முக்கியமென்றால் 2012இல் வந்த கிரைட்டீரியன் பதிப்பு. அதிலும் இரண்டும் உண்டு. எல்லாம் வேண்டுமென்கிறவருக்கு, அதே கிரைட்டீரியன் 2019இல் விட்ட பெரிய பெட்டி: 1954இலிருந்து 1975 வரையான 15 கொட்ஸில்லா படங்கள், 8 புளூரே டிஸ்க்கில். கொங் படத்துக்கு அதில் முதன்மையாகத் தந்திருப்பது அமெரிக்க வடிவம். ஜப்பானிய வடிவம் இணைப்புகளோடு இணைப்பாக இருக்கிறது. அதைத் தேடி எடுத்துப் பாருங்கள், பெட்டிக்குக் கொடுத்த காசுக்கு அதுவே பாதிப் பெறுமதி. ஜப்பானிலேயே விற்கும் டோஹோ டிஸ்க்குகள் அழகானவை, ஆனால் விலை கூட, படத்தின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தும் அநேகமாக இருக்காது. ஜப்பான் மொழி தெரிந்தவருக்குத்தான் அது.

நடைபாதையில் விற்கிற கொப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சில் வார்த்த டிவிடி வெள்ளி நிறமாக இருக்கும், இரண்டு அடுக்கென்றால் லேசான பொன்னிறம் தட்டும். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் தொழிற்சாலை பொறித்த எழுத்தும் இலக்கமும் தெரியும். எரித்துப் பதிந்த டிஸ்க் ஊதா நிறம் காட்டும். ஓர் அடுக்கு டிவிடி பிடிப்பது 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு 8.5. ஒரே டிஸ்க்கில் ஆறு படம் என்று எழுதியிருந்தால், டோக்கியோ எரிகிற புகையெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் புகையும் இருட்டும்தான் உயிர், அது கெட்டால் எல்லாம் கெட்டது.

அடுத்தது வலயக் கணக்கு. உலகத்தை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்து டிஸ்க் அந்த வலயத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டியிருக்கிறார்கள். நம்மவர்கள் காசை அதிகம் கொட்டிக் கைகட்டி நிற்பது இந்த இடத்தில்தான். இலங்கைக்கு டிவிடி வலயம் 5, புளூரே வலயம் சி. இந்தப் படங்களின் நல்ல டிஸ்க் எதுவும் நம் வலயத்துக்கென்று அடித்து வருவதில்லை. அதனால் வருகிற சொந்தக்காரர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பதை வைத்துத்தான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும். டொரொன்டோ மாமா கொண்டு வந்தால் டிவிடி 1, புளூரே ஏ. லண்டன் சித்தி என்றால் டிவிடி 2, புளூரே பி. கட்டார், துபாயிலிருந்து வந்தாலும் அதே 2, அதே பி. அவுஸ்திரேலியா 4, பி. ஜப்பானில் வேலை செய்கிற தம்பி வாங்கினால் டிவிடி 2, ஆனால் புளூரே ஏ. 2019 பெட்டியின் அமெரிக்கப் பதிப்பு ஏ வலயம், ஆகவே கனடாவிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவிடுவதுதான் சுலபம். 4கே டிஸ்க்குக்கு வலயப் பூட்டே கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

லண்டன் டிவிடியில் இன்னொன்றும் உண்டு. அது பால் (PAL) என்ற ரீவி முறை. செக்கனுக்கு 24 படமாக எடுத்ததை 25 ஆக ஓட்டுவார்கள். 96 நிமிடப் படம் 92 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் இசையும் ஒரு பொட்டு உயர்ந்து கேட்கும். இஃபுகுபேயின் அடித்தள முழக்கத்தை விரும்புகிறவர் காது இதைப் பிடித்துவிடும். புளூரேயில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

மலிவான டிவிடி பிளேயர்களில் பல எல்லா வலயத்தையும் ஓட்டும், அல்லது ரிமோட்டில் ஒரு இலக்கத் தொடரைத் தட்டினால் பூட்டுத் திறக்கும். புளூரே பிளேயர் அப்படி இலகுவில் திறக்காது. பல வலயத்துக்கென்று திறந்து விற்பதை வாங்குவதுதான் நல்லது. கணினி டிவிடி டிரைவில் வலயத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது அப்படியே பூட்டிக்கொள்ளும். பிள்ளைகள் விளையாட்டாக மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேயரையே ஜப்பானிலிருந்தோ கனடாவிலிருந்தோ கொண்டு வந்தால், செருகும் முன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பயமில்லை. வெறும் 100 அல்லது 120 என்றிருந்தால் இடையில் டிரான்ஸ்போமர் கட்டாயம். நம் சுவரில் வருவது 230. ஒரு நொடியில் புகைந்துபோன பிளேயர்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அதில் பலவற்றைத் திரும்ப எழுப்ப முடியாது.

இனி ரீவி. இதைச் செய்யாவிட்டால் நல்ல டிஸ்க் வாங்கியும் பயனில்லை. முதலில் அசைவை வழுவழுப்பாக்குகிற வசதியை நிறுத்துங்கள். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் இருக்கும். காரணம் இதுதான்: சுபுராயா சின்னச் சின்னக் கட்டடங்களைச் செய்து, நூறு கிலோ அளவான மிருக உடைக்குள் நடிகர் ஹருவோ நகாஜிமாவை நடக்கவிட்டு, கமராவை வேகமாக ஓட்டி எடுத்தார். அதை வழமையான வேகத்தில் காட்டும்போது அசைவு மெதுவாகி, காலில் பாரம் ஏறுகிறது. ரீவி தன் பாட்டுக்கு இடையிடையே புதுப் படங்களைச் செருகினால் அந்தப் பாரம் இறங்கிவிடும். உடைக்குள் ஒரு மனிதர் நிற்பது உடனே தெரியும். பொம்மைப் படம் என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இப்படிப் பார்த்தவர்கள்தான். நகாஜிமா மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் யானையும் கரடியும் நடப்பதைப் பார்த்துப் பழகினார். அம்பாறைப் பக்கம் வயலுக்குள் இறங்கிய யானையைக் கண்டவர்கள் அந்த நடையில் கண்வைத்துப் பாருங்கள். கால் பதிகிற விதம், உடம்பு பின்னால் வந்து சேர்கிற விதம், எல்லாம் பிடிபடும்.

அப்புறம் அகலம். 1954 படம் கிட்டத்தட்டச் சதுரம், 1.37க்கு 1. திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி நிற்கத்தான் வேண்டும். கறுப்புப் பட்டியைப் பார்த்து மனம் பொறுக்காமல் முழுத்திரை அமுக்குகிறவர்கள் உண்டு. அமுக்கினால் மனிதர்களெல்லாம் கொழுத்துவிடுவார்கள், கட்டடம் குட்டையாகும், மிருகத்தின் உயரம் போய்விடும். 1960களின் படங்கள் டோஹோஸ்கோப், 2.35க்கு 1. அவற்றில் மேலும் கீழும் பட்டி வரும். பழைய கசற்றுகளில் இரண்டு பக்கத்தையும் வெட்டித்தான் ரீவிச் சதுரத்துக்குள் அடக்கினார்கள். இரண்டு மிருகம் மோதும் காட்சியில் ஒன்றுதான் திரையில் நிற்கும். டெக் காலத்தில் ஜெனரேற்றர் போட்டு ஊரெல்லாம் கூடிப் பார்த்தவர்கள் இந்தப் படங்களை முழுசாகப் பார்த்ததே இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். சத்தம் குறைக்கும் வசதி போல படத்துக்கும் புள்ளி குறைக்கும் வசதி ஒன்று இருக்கும், அதையும் நிறுத்துங்கள். அந்தப் புள்ளிகள் பிலிமுக்குச் சொந்தமானவை.

ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்தும் வைத்துப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலம் வாசிக்காதவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். எழுத்தில்லாமலே விளங்குகிற இடங்களும் நிறைய. முதல் படத்தின் தொடக்கத்தில் கப்பலொன்று காணாமல் போகும், தேடப்போன கப்பலும் போகும். கடலுக்குப் போனவர்களின் வீட்டாட்கள் அலுவலகத்தில் நெருக்கியடித்துக்கொண்டு செய்தி கேட்பார்கள். மிருகம் இன்னும் திரைக்கு வரவில்லை. என் அம்மா அந்த இடத்தில் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மறுகா வந்தாங்களா மனே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கடைசிவரை எழும்பவில்லை. 2004 டிசம்பரைக் கண்ட கரையில் இந்தப் படத்தைக் காட்டுகிறவர், கூட இருப்பவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆஸ்பத்திரித் தரையில் காயக்காரர்களும் பிள்ளைகளும் கிடக்கிற காட்சி நீளமானது.

பார்க்கும் வரிசையை வருடப்படி வைக்கத் தேவையில்லை. 1954க்குப் பிறகு 1956இன் ரோடன். டோஹோவின் முதல் கலர் மிருகப் படம் அது, சுரங்கத் தொழிலாளரின் கதையாகத் தொடங்கும். பிறகு 1961இன் மொத்ரா, அதன்பின் 1964இன் மொத்ராவும் கொட்ஸில்லாவும் மோதுவது. எல்லாவற்றிலும் கட்டுக்கோப்பான கதை அதுதான் என்பது என் முடிவு. அதே வருடக் கடைசியில் வந்த கிடோரா படத்தோடு கொட்ஸில்லா பிள்ளைகளின் பக்கம் சாயத் தொடங்குகிறது. சின்னவர்களோடு பார்க்க அது நல்லது. 1971இன் ஹெடோரா குப்பையிலும் கழிவிலும் வளர்ந்த மிருகம். வாவிக்குள் பொலித்தீன் மிதக்கிறதைப் பார்த்து மனம் நொந்தவர்களுக்கு அதைக் கட்டாயம் போட்டுக் காட்டுவேன். 1969 படம் பழைய காட்சிகளை ஒட்டியது, அவசரமில்லை. டாயேய் கம்பனியின் ஆமை மிருகம் கமேராவைப் பிடித்தவருக்கு, ஆரோ என்ற டிஸ்க் கம்பனி 2020இல் 12 படத்தையும் 8 டிஸ்க்கில் விட்டிருக்கிறது. அதில் 1995, 1996, 1999 என்று ஷூசுகே கனேகோ இயக்கிய மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

கடைசியாக, வைத்துக் காப்பது. நம் கரையில் உப்புக் காற்றும் ஈரமும் டிஸ்க்குக்கும் கசற்றுக்கும் எமன். கடல் பார்த்த யன்னலோரம் அலுமாரியை வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பை போடுங்கள், அதை இடைக்கிடை மாற்றுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். டிஸ்க்கைத் துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, மெல்லிய பருத்தித் துணியால். சுற்றித் துடைத்தால் கீறல் பதிவின் போக்கிலேயே ஓடும், பிளேயரால் தாண்ட முடியாது. புளூரேயில் பதிவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றரில் இருக்கிறது, டிவிடியில் 0.6. அதனால் புளூரேக்கு பற்பசை வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

பழைய கசற் வைத்திருப்பவர்கள் சிறு கண்ணாடிக்குள்ளால் நாடாவைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை டெக்குக்குள் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கசற்றுக்கும் தாவும். திருத்துகிறவரிடம் கொடுத்து நாடாவைச் சுத்தம் செய்த பிறகு ஓட்டுங்கள். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த கசற் என்றால் அந்த நாடுகளின் என்ரிஎஸ்சி (NTSC) ரீவி முறையை ஓட்டும் டெக்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.