ரேடியஸ் சேர்வரில இருந்து ஆளை வெட்ட ஏலாம கிடக்கா? எங்க பிழை எண்டு பிடிக்கிற வழி

கிளிநொச்சி, விசுவமடு, ஒட்டுசுட்டான் பக்கம் ரியூசன் சென்ரர், சனசமூக நிலையம் மாதிரி இடங்களுக்கு மைக்ரோடிக் ரவுட்டரும், ஆரை உள்ள விடுறது எண்டு முடிவு சொல்லுற ஃப்ரீரேடியஸ் (ரேடியஸ் முறைக்கான மென்பொருள்) சேர்வரும் வச்சு வைஃபை ஹொட்ஸ்பொட் போட்டுக் குடுக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். ஆக்களை உள்ள விடுற வேலை எல்லாருக்கும் கெதியாச் சரி வந்திடும், உள்ளுக்கு நிக்கிற ஒராளை சேர்வரில இருந்து வெட்டுற வேலை தான் சரி வாறேல்ல. ஒரு 4ஜி சிம்மில கொஞ்ச டேட்டாவ வச்சுக்கொண்டு ஏ.எல் பிள்ளையள் வீடியோ வகுப்புப் பாக்கிற இடத்தில, வவுச்சர் முடிஞ்ச ஒராள் விடிய விடிய டவுன்லோட் போட்டா அடுத்தநாள் வகுப்பு நிண்டு போகும். அதால இது சின்ன விசயமில்ல, ஒழுங்காப் பழகி வச்சிருக்கவேணும்.

ஃப்ரீரேடியஸ் இன்ஸ்டோல் பண்ணுறது, மைஎஸ்கியூஎல் இணைக்கிறது பற்றி இஞ்ச எழுதேல்ல. லொகின் வேலை செய்யுது, ராட்அக்ட் ரேபிளில (ஆர் எப்ப வந்து எப்ப போனது எண்ட கணக்கு) செஷன் எல்லாம் பதியுது எண்டு வச்சுக்கொண்டு தொடங்குறன். கொமாண்டுகள், அட்ரிபியூட் பெயரள் எல்லாம் தமிழெழுத்தில எழுதியிருக்கு, அடிக்கேக்க ஆங்கிலத்தில அடியுங்கோ, அட்ரிபியூட் பெயரளுக்கு இடையில சின்னக்கோடு வரும்.

முதல்ல எந்தப் பக்கமாப் போகுது எண்டு விளங்கவேணும்

லொகின் வேணும் எண்டு கேக்கிறது ரவுட்டர், பதில் சொல்லுறது சேர்வர். அது யூடிபி போர்ட் 1812 இல போகுது, அக்கவுண்டிங் (பாவனைக் கணக்கு) 1813 இல போகுது. ஆளை வெட்டுறது அப்பிடியே தலைகீழ். சேர்வர் தான் தொடங்கும், ரவுட்டர் 3799 இல கேட்டுக்கொண்டு இருக்கவேணும். இப்பிடி வெட்டுறதுக்கான விதி 2003 இல ஆர்எஃப்சி 3576 எண்ட இணைய விதி ஆவணமா வந்தது, 2008 இல அதைத் திருத்தி 5176 எண்டு போட்டவை, இப்பவும் அது தான் அடிப்படை. லொகின் நல்லா வேலை செய்யுது, வெட்டுறது மட்டும் ஏன் வேலை செய்யேல்ல எண்டு கேக்கிற ஆக்களுக்குப் பதில் இது தான்: வீட்டில இருந்து வெளிய போற பாதை திறந்து கிடக்கு, வெளியில இருந்து வாற படலை பூட்டிக் கிடக்கு.

ராட்செக் ரேபிளில (யூசர், பாஸ்வேர்ட் கிடக்கிற இடம்) இருந்து யூசரை அழிச்சாலும் ஆள் போகமாட்டார், அடுத்த லொகின் தான் மறுக்கப்படும். ராட்சாப் எண்ட கொமாண்டும் ஆளை வெட்டாது. அது சேர்வருக்கு ஒரு அக்கவுண்டிங் ஸ்டொப் அனுப்பி ராட்அக்ட் கணக்கை மூடும், அவ்வளவு தான். திரையில ஆள் இல்ல, லைனில ஆள் இருக்கிறார். கனபேர் இதில தான் ஏமாறினம்.

படி 1: ரவுட்டரில அனுமதி குடுங்கோ

வின்பொக்ஸில (மைக்ரோடிக் ரவுட்டரை அமைக்கிற மென்பொருள்) ரேடியஸ் விண்டோவத் திறந்து இன்கமிங் எண்ட பட்டனை அமத்துங்கோ, அக்செப்ட் எண்டதுக்குச் சரி போடுங்கோ. அது சும்மா வரேக்க ஒஃப் ஆத்தான் இருக்கும். அதுக்குக் கீழ போர்ட் என்னெண்டும் பாருங்கோ, 1700 எண்டு கிடந்தா 3799 ஆக்குங்கோ, இல்லாட்டி சேர்வர்ப் பக்கம் 1700 க்கு அனுப்புங்கோ. ரெண்டும் ஒண்டா இருந்தாச் சரி.

படி 2: கையால ஒருக்கா வெட்டிப் பாருங்கோ

டலோரேடியஸில (ஃப்ரீரேடியஸை பிரவுசரில பராமரிக்கிற மென்பொருள்) டிஸ்கனெக்ட் யூசர் எண்டு ஒரு பக்கம் இருக்கு, வடிவா இருக்கும், ஆனா பிழை பிடிக்கேக்க அதைத் தொடாதீங்கோ. அதுவும் உள்ளுக்க ரேட்கிளையன்ட் எண்ட கொமாண்டைத் தான் கூப்பிடுது, வாற பிழையை முழுசாக் காட்டாது. ரேர்மினலில நேரா ரேட்கிளையன்ட் அடிக்கிறது தான் எனக்கு எப்பவும் நல்லம். உபுண்டுவில ஃப்ரீரேடியஸ் யூடில்ஸ் எண்ட பக்கேஜில அது வரும்.

ராட்அக்ட் ரேபிளில அந்த யூசருக்கு அக்கட் ஸ்டொப் ரைம் வெறுமையாக் கிடக்கிற வரியை எடுங்கோ. அதில இருந்து யூசர் நேம், அக்கட் செஷன் ஐடி, ஃபிரேம்ட் ஐபி அட்ரஸ் மூண்டையும் கொப்பி பண்ணுங்கோ. எக்கோவில இந்த மூண்டையும் கொமா போட்டு எழுதி, பைப் அடிச்சு ரேட்கிளையன்டுக்குக் குடுங்கோ. அதுக்குப் பின்னால மைனஸ் எக்ஸ், ரவுட்டர் ஐபி, முக்காற்புள்ளி, 3799, பிறகு டிஸ்கனெக்ட் எண்ட சொல், கடைசியா சீக்ரெட் (ரவுட்டருக்கும் சேர்வருக்கும் பொதுவான ரகசியச் சொல்). மைனஸ் எக்ஸை விடாதீங்கோ, அது தான் என்ன போச்சு என்ன வந்தது எண்டு முழுசாக் காட்டும்.

இதில ரெண்டு கண்ணி இருக்கு. சீக்ரெட்டில டொலர் குறியோ ஆச்சரியக்குறியோ இருந்தா பாஷ் அதைத் தன்ர பாட்டுக்கு மாத்திப் போடும், ஒற்றை மேற்கோளுக்குள்ள போடுங்கோ, இல்லாட்டி சீக்ரெட்டை ஒரு ஃபைலில எழுதி பெரிய எஸ் ஒப்ஷனால குடுங்கோ. மற்றது எக்செல். சென்ரர்க்காரர் ராட்அக்டை எக்செலில எடுத்து அனுப்புவினம், செஷன் ஐடி 80100 க்குப் பிறகு ஈ எழுத்தும் 03 உம் எண்டு இருந்தா எக்செல் அதைப் பத்தின் அடுக்கு எண்டு நினைச்சு எண்ணா மாத்திவிடும். பிறகு எவ்வளவு சரியா அனுப்பினாலும் ரவுட்டருக்கு அந்த ஐடி தெரியாது. டேட்டாபேஸில இருந்து நேரா எடுங்கோ.

படி 3: என்ன பதில் வருது?

இது தான் முழு விசயமும். மூண்டில ஒண்டு தான் நடக்கும். ஏக் வந்தா ரவுட்டர் ஓம் எண்டுட்டுது. நாக் வந்தா ரவுட்டருக்கு நீங்கள் சொன்னது கேட்டது, விளங்கினது, ஆனா செய்யமாட்டன் எண்டுது. நோ ரிப்ளை எண்டு வந்தா, அது வேற கதை, அதுக்குக் கீழ வாறன். நாக்கையும் நோ ரிப்ளையையும் ஒண்டா எடுத்துக்கொண்டு எல்லா செட்டிங்கையும் ஒரேயடியாப் பிரட்டாதீங்கோ, ரெண்டுக்கும் தேடுற இடம் வேற வேற.

நாக் வந்தா

சந்தோசப்படுங்கோ, பாதை சரி, சீக்ரெட் சரி. எரர் கோஸ் எண்டு ஒரு எண் அதோட வரும், அதைப் பாருங்கோ. 503 எண்டா அப்பிடி ஒரு செஷனே தன்னட்ட இல்ல எண்டுது. 403 எண்டா நீங்கள் எழுதின நாஸ் (ரவுட்டரைத் தான் அப்பிடிச் சொல்லுறது) ஐபியோ நாஸ் ஐடென்டிஃபையரோ தன்ரயில்ல எண்டுது. 402 எண்டா தேவையான அட்ரிபியூட் ஒண்டு விடுபட்டுப் போச்சு, 401 எண்டா அனுப்பினதில ஒண்டு அதுக்குத் தெரியாத அட்ரிபியூட்.

எங்கட பக்கம் கூட வாறது 503. காரணம் கரண்ட். கரண்ட் போய் ரவுட்டர் நிண்டா அக்கவுண்டிங் ஸ்டொப் அனுப்ப நேரமில்ல, சேர்வரில அந்த வரி திறந்தபடியே கிடக்கும், ஆள் இருக்கிற மாதிரித் தெரியும். கரண்ட் வந்து அதே பிள்ளை திரும்ப லொகின் பண்ணினா ரெண்டாவது வரி ஒண்டு வரும், நீங்கள் பழைய வரியிட செஷன் ஐடியை எடுத்து வெட்டப் பாப்பீங்கள். எப்பவும் அக்கட் அப்டேட் ரைம் ஆகப் பிந்தி இருக்கிற வரியை எடுங்கோ. இன்ரரிம் அப்டேட் (ரவுட்டர் இடையிடையே கணக்கு அனுப்புறது) போட்டிருந்தாத் தான் அந்த நேரம் மாறிக்கொண்டு வரும். இடைவெளி 600 செக்கனுக்குக் குறையாம இருக்கவேணும் எண்டு ஆர்எஃப்சி 2869 சொல்லுது, 4ஜி லைனுக்கு அதுவே போதும். அந்த நேரம் கனக்கப் பழசாக் கிடக்கிற வரியளுக்குத் தான் ராட்சாப் சரியான சாமான், ஆள் இல்லாத கணக்கை மூடுறதுக்கு.

இன்னொண்டு, அனுப்புற அடையாளம் எல்லாம் பொருந்தினாத் தான் ரவுட்டர் வெட்டும். கூட அட்ரிபியூட் போட்டா நல்லம் எண்டு நினைச்சு எல்லாத்தையும் அள்ளிப் போட்டீங்கள் எண்டா ஒண்டு பிழைச்சாலும் நாக். 503 விடாம வந்தா ஒவ்வொண்டாக் குறைச்சுப் பாருங்கோ.

பதிலே வராட்டி

என்னைக் கனநேரம் மறிச்சது இந்த இடம் தான், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன். பிழையான சீக்ரெட்டோட வாற பக்கற்றையும், தெரியாத ஐபியில இருந்து வாற பக்கற்றையும் ரவுட்டர் சத்தமில்லாம எறியவேணும் எண்டது தான் விதி. ஃபயர்வோல் மறிச்சாலும் சத்தமில்ல, பாதையே இல்லாட்டியும் சத்தமில்ல. நாலு காரணத்துக்கும் ஒரே முகம். ஊகிச்சு வேலையில்ல, பக்கற் எங்க நிக்குது எண்டு கண்ணால பாக்கவேணும்.

சேர்வரில டிசிபிடம்ப் (பக்கற்றுகளைப் பாக்கிற கொமாண்ட்) போட்டு யூடிபி போர்ட் 3799 ஐப் பாருங்கோ, வெளிய போகுதா, எந்த ஐபியில இருந்து போகுது எண்டதைக் குறிச்சு வையுங்கோ. ரவுட்டரில டூல்ஸ் மெனுவுக்குள்ள பக்கற் ஸ்னிஃபர் இருக்கு, அதில அதே போர்ட்டைப் போடுங்கோ.

ரவுட்டருக்கு வந்தே சேரேல்ல எண்டா பாதை. சேர்வர் வெளியில கிளவுட்டில இருக்கு, ரவுட்டர் ஒட்டுசுட்டானில ஒரு 4ஜி சிம்முக்குப் பின்னால இருக்கு எண்டு வையுங்கோ. சிம்முக்குக் கிடைக்கிறது பொதுவாப் பலபேர் பங்குபோடுற ஐபி, வெளியில இருந்து ஒராளும் உங்கட ரவுட்டருக்கு நேரா வர ஏலாது. போர்ட் ஃபோர்வேட் போட்டு மினக்கெடாதீங்கோ, சிம் ரவுட்டரில எதைத் திறந்தாலும் அதுக்கு மேல இன்னொரு நாட் (ஐபியைப் பங்குபோட்டு மாத்துற அமைப்பு) நிக்குது. ரவுட்டரில இருந்து சேர்வருக்கு வயர்கார்ட் ரனல் (பூட்டின தனிப்பாதை) ஒண்டு போடுங்கோ, ரவுட்டர் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 செக்கன் குடுங்கோ, அது இல்லாட்டி ஆள் நடமாட்டமில்லாத நேரம் நாட் மூடி சேர்வரால திரும்ப வர ஏலாமப் போகும். வயர்கார்ட் ரவுட்டர்ஓஎஸ் 7 இல தான் இருக்கு, 6 இல நிக்கிற ஆக்கள் எல்2டிபி போடுங்கோ. ரனல் இல்லாம ரேடியஸை வெளி நெட்டில விடுறதை நான் ஒருக்காலும் செய்யச் சொல்லமாட்டன், 2024 ஜூலையில பிளாஸ்ட்ரேடியஸ் எண்ட ஓட்டை வெளிவந்த பிறகு அதில கதைக்கவே ஒண்டுமில்ல.

ரனல் போட்டாச்சு, பிங் போகுது, ஸ்னிஃபரில பக்கற் தெரியுது, ஆனாலும் பதில் இல்ல. இப்ப ஃபயர்வோல். மைக்ரோடிக்கிட டீஃபோல்ட் ரூல்ஸில இன்புட் செயின் கடைசியில லான் லிஸ்டில (உள் நெட்வேர்க் இன்ரஃபேஸ் பட்டியல்) இல்லாத எல்லாத்தையும் ட்ரொப் பண்ணு எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் புதுசாப் போட்ட வயர்கார்ட் இன்ரஃபேஸ் அந்த லான் லிஸ்டில இல்ல. பிங் போகும், ஏனெண்டா ஐசிஎம்பிக்கு மேலயே தனி அக்செப்ட் இருக்கு, அதைப் பாத்து எல்லாம் சரி எண்டு நம்பிப்போடுவீங்கள். சேர்வரிட ரனல் ஐபியில இருந்து வாற யூடிபி 3799 க்கு ஒரு அக்செப்ட் ரூல் எழுதி அந்த ட்ரொப்புக்கு மேல இழுத்து வையுங்கோ. கீழ கிடந்தாப் பிரயோசனமில்ல. பிறகு ரேட்கிளையன்ட் அடிக்கேக்க அந்த ரூலிட பக்கற் எண்ணிக்கை கூடுதா எண்டு பாருங்கோ. கூடினா ஃபயர்வோல் தாண்டிட்டுது.

அதுவும் தாண்டிப் பதில் இல்லாட்டி மிஞ்சினது ரெண்டு தான், ஐபி இல்லாட்டி சீக்ரெட். ரேடியஸ் விண்டோவில சேர்வர் அட்ரஸ் எண்டு பழைய பப்ளிக் ஐபி கிடக்கும், வெட்டுற பக்கற் வாறது ரனல் ஐபியில இருந்து. ரவுட்டருக்கு அது ஊர் பேர் தெரியாத ஆள். அட்ரஸை சேர்வரிட ரனல் ஐபியா மாத்துங்கோ, சோர்ஸ் அட்ரஸில ரவுட்டரிட ரனல் ஐபியைப் போடுங்கோ, ஃப்ரீரேடியஸிட கிளையன்ட் பதிவையும் அதுக்கேற்ற மாதிரித் திருத்துங்கோ. ரவுட்டரில லொக்கிங்கில ரேடியஸ், டிபக் ரெண்டு ரொப்பிக்கையும் சேர்த்து விட்டா பக்கற்றை ஏன் எறியுது எண்டு லொக்கில பாக்கலாம்.

ஏக் வந்தது, ஆனா ஆள் போகேல்ல

ஆள் போனவர், திரும்ப வந்திட்டார். ஹொட்ஸ்பொட் புரொஃபைலில குக்கி லொகின் போட்டிருந்தா போன் தானாத் திரும்ப ஏறும், பிள்ளை ஒண்டையும் தொடத் தேவையில்ல. ராட்அக்டைப் பாருங்கோ, பழைய வரி மூடி ரேர்மினேட் கோஸில அட்மின் ரீசெட் எண்டு விழுந்திருக்கும், கீழ புது வரி ஒண்டு திறந்திருக்கும். குக்கியால வந்தாலும் ரவுட்டர் ரேடியஸிட்டத் தான் கேக்கும், அதால முதல்ல ராட்செக்கில அந்த யூசருக்கு ஓத் ரைப் ரிஜெக்ட் போடுங்கோ, அதுக்குப் பிறகு வெட்டுங்கோ. முன்பின் மாறினா அந்த இடைவெளியில ஆள் ஏறிடுவார்.

பிறகு சேர்த்தது

மாங்குளத்தில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், எல்லாம் சரியாப் போட்டும் ரெண்டாவது பிராஞ்ச் ரவுட்டர் மட்டும் பதில் தரேல்ல எண்டு. ரெண்டு ரவுட்டருக்கும் ஒரே ரனல் ஐபி குடுபட்டிருந்தது, அதால பக்கற் எல்லாம் மற்ற ரவுட்டருக்குப் போயிட்டுது. ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனி ஐபி, தனி சீக்ரெட் குடுங்கோ.

சிஸ்கோ வச்சிருக்கிற ஆக்கள் 1700 க்கு அனுப்புங்கோ, அதில டீஃபோல்ட் அது தான்.

நேரமும் பாருங்கோ. சின்ன மைக்ரோடிக் பெட்டியளில கரண்ட் போனா மணிக்கூடு 1970 க்குப் போயிடும். வெட்டுற பக்கற்றில ஈவென்ட் ரைம்ஸ்டாம்ப் போட்டு அனுப்பினா, அதைச் சரிபாக்கிற கருவியள் 300 செக்கனுக்கு மேல வித்தியாசமிருந்தா அதையும் சத்தமில்லாம எறியும். என்டிபி (நெட்டில இருந்து நேரம் எடுக்கிறது) போட்டு விடுங்கோ, ரவுட்டர் எழும்பினவுடன நேரம் திருந்திடும்.

இன்னும் சரி வராட்டி கீழ எழுதுங்கோ, ரேட்கிளையன்ட் மைனஸ் எக்ஸ் காட்டினது முழுக்க, ஸ்னிஃபரில பக்கற் தெரிஞ்சதா இல்லையா, சேர்வர் எங்க இருக்கு எண்ட மூண்டையும் போடுங்கோ. சீக்ரெட்டையும் பிள்ளையளிட யூசர் நேமையும் அழிச்சுப்போட்டு ஒட்டுங்கோ.