மாதம் ஒரு நாள், கண்ணாடி முன் இரண்டு நிமிடம்

வாய்ப் புற்றுநோயின் அறிகுறி ஏதும் இருக்கிறதா என்று, பல் துலக்கியதும் நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தை விரலால் விலக்கிப் பாருங்கள், அப்புறம் நாக்கின் அடியும் இரு ஓரங்களும். ஓரத்தைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றாலும் காட்டுங்கள். பாக்கு போடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். "புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. பாக்கு போடும் அந்தப் பெரியவர்கள் வாயையும் நீங்களே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.