விலங்கு வைரஸ் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வால்டர் பிளௌரைட்டின் பணியை முன்வைத்து

மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு வழிவகுத்த தடுப்பூசியை உருவாக்கிய பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் வால்டர் பிளௌரைட், அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். 1999-இல் உலக உணவுப் பரிசு பெற்ற அவருடைய ஆய்வு வாழ்க்கையை, 'தடுப்பூசி கண்டார், நோய் ஒழிந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் இத்துறைக்கு வரும் மாணவர்கள் செய்யும் முதல் தவறு. கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் தடுப்பூசி உருவானதற்கும் நோய் ஒழிந்ததற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருக்கிறது. 1962-இல் ஆப்பிரிக்காவில் தொடங்கிய ஜே.பி. 15 என்ற கூட்டுத் திட்டத்தால் நோய் அடங்கியது போலத் தெரிந்ததும், ஊசி போடுவதும் கண்காணிப்பும் தளர்ந்துபோக, 1980-களில் அது பல நாடுகளில் மீண்டும் பரவியது.

தடுப்பூசிக்காக வைரஸின் வீரியத்தைக் குறைப்பதில் அவசரப்படுவது அடுத்த தவறு. இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசர் கால்நடை ஆய்வகத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் 1920-களில் ஆடுகளின் உடலில் தொடர்ந்து செலுத்தி வீரியம் குறைத்த வைரஸ், இந்தியாவில் பெரிதும் பயன்பட்டபோதிலும், எளிதில் நோய்வாய்ப்படும் சில மாட்டினங்களுக்குக் கடுமையாகவே இருந்தது. பிளௌரைட்டும் அவருடன் பணியாற்றிய ஃபெரிஸும் கன்றின் சிறுநீரகச் செல்களில் வைரஸை வளர்த்து, ஒரு வளர்ப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றி, இடையிடையே மாடுகளுக்குச் செலுத்திக் காய்ச்சல் வருகிறதா, தடுப்பாற்றல் உண்டாகிறதா என்று சோதித்தபடியே, ஏறத்தாழ 90 முறை கொண்டுசென்றார்கள். ஆய்வுக் கட்டுரையில் அந்த 90 வெறும் எண். ஆய்வகத்திலோ அது ஆண்டுக்கணக்கான உழைப்பு.

நோயுற்ற விலங்கை மட்டுமே பார்ப்பதுதான், என் கணிப்பில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடுகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, கண்விழி வெளுத்து, மூக்கிலிருந்து சளி வழிந்து, பெரும்பாலும் சாவில் முடியும் ஒரு நோய் உண்டு. வைல்டுபீஸ்ட் மான்கள் கன்று ஈனும் பருவத்தில் அவற்றின் பக்கம் மாடுகளை ஓட்டிச் செல்லக் கூடாது என்பது மாசாய் மேய்ப்பர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. 1960-இல் பிளௌரைட்டும் சக ஆய்வாளர்களும், துளியும் நோய் தெரியாத அந்த மான்களின் இரத்தத்திலிருந்தே வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். செத்த மாட்டை மட்டும் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இது கிடைத்திருக்காது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலிலும், அந்த வைரஸ் உண்ணிகளில் தங்கியிருப்பதை அவருடைய குழு 1969-இல் வெளியிட்டது. மேய்ப்பர் சொல்வதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குபவர், கையில் வந்த தடயத்தைத் தானே நழுவவிடுகிறார்.

அறிகுறியை வைத்தே வைரஸுக்குப் பெயர் சூட்டுவதும் ஆபத்தானது. வாய்ப்புண், மூக்கொழுகல், கழிச்சல் ஆகியவை வெக்கை நோயிலும் உண்டு, ஆட்டுக்கொல்லி நோயிலும் உண்டு; இரண்டு வைரஸ்களும் ஒரே இனத்தொகுதியைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். இந்தியாவில் ஆடுகளிடையே இத்தகைய நோய் கண்டபோதெல்லாம் அதை வெக்கை என்றே எண்ணி வந்தார்கள். விழுப்புரம் பக்கத்து அரசூரில் 1987-இல் செம்மறியாடுகளைத் தாக்கிய நோய் ஆட்டுக்கொல்லி வைரஸால் வந்ததென்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் சக ஆய்வாளர்களும் ஆய்வகச் சோதனையில் கண்டறிந்த பிறகே, அந்நோய் இந்தியாவில் இருப்பது உறுதியானது. அதுவரை வெக்கை என்று எழுதப்பட்ட பதிவுகளில் எத்தனை உண்மையில் வெக்கை?

தடுப்பூசியானது ஆய்வகத்தில் பலன் தந்தால் போதும் என்று நினைப்பதையும் விட வேண்டும். பிளௌரைட்டின் தடுப்பூசிக்குக் குளிர்ச்சி தேவைப்பட்டது. ஆனால் பனிக்கட்டியும் மின்சாரமும் இல்லாத மேய்ச்சல் நிலங்களில்தான் நோய் கடைசியாக ஒளிந்துகொண்டிருந்தது. வெப்பத்தைத் தாங்கும் வடிவத்தை ஜெஃப்ரி மரைனர் குழுவினர் உருவாக்கிய பின்னரே, பயிற்சி பெற்ற மேய்ப்பர்கள் அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நடந்தே மந்தைகளைச் சென்றடைய முடிந்தது.

ஆய்வு முடிந்த பின் மாதிரிகளைக் கணக்கில்லாமல் உறைபெட்டியில் விட்டுவைப்பது பலரும் பேசாத தவறு. வெக்கை நோய் ஒழிந்த பிறகும் அதன் வைரஸ் பல நாடுகளின் ஆய்வகங்களில் குப்பிகளில் உயிரோடுதான் இருந்தது. இங்கிலாந்தின் பிர்பிரைட் நிறுவனம், அவற்றின் மரபணு வரிசையைப் பதிவுசெய்துகொண்டு, தன்னிடமிருந்த பெருந்தொகுப்பை 2019-இல் அழித்தது.