தூக்கம் வராத நோயாளி: இரவுப் பணி செவிலியருக்கு

தூக்க மாத்திரையை எடுக்குமுன் காரணத்தைத் தேடுங்கள்: வலி, மூச்சுத்திணறல், அரிப்பு, அடிக்கடி சிறுநீர். சிறுநீரைக் கூட்டும் மருந்தான ஃப்யூரோசமைடை மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் கழிப்பறைக்கு நடைதான். இரண்டாம் வேளையை மதியத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனும் வழக்கமாகக் காலையில்தான்.

யாங்கோனில் பலர் மறப்பது லபெட், அதாவது ஊறிய தேயிலை. தேநீரை விட்டுவிட்ட பாட்டி, ராத்திரி வீட்டிலிருந்து வரும் லபெட்டைச் சாப்பிட்டால் கஃபீன் உள்ளே போகத்தான் செய்யும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பகல் தூக்கம் 30 நிமிடம் போதும், அதுவும் பிற்பகல் 3 மணிக்குள்.

குறட்டை விடுபவர் நன்றாகத் தூங்குகிறார் என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். நடுவே மூச்சு 10 விநாடிக்கு மேல் நின்று நின்று வந்தால், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று குறித்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தூக்க மாத்திரை எழுதியிருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். தொண்டைத் தசை தளர்ந்து அடைப்பு கூடும்.

ஒரு தூக்கச் சுழற்சி சுமார் 90 நிமிடம். அதை அடிக்கடி கலைக்காமலிருக்க, பிரஷர், ஊசி, டிரிப் எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே தடவையில் முடியுங்கள். மின்வெட்டில் டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். கொசுவலையைத் திரும்பச் செருக மறக்காதீர்கள்.